கைப்பையில் விழுந்த தாளம்

என் வேலை சத்தத்தை அழிப்பது. தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, விளம்பரக் குரல்களிலிருந்து மின்விசிறியின் முனகலையும் தெருவில் போகிற ஹாரனையும் எடுத்துப்போடுகிறேன். பேசுகிறவர் எச்சில் விழுங்குவதைக்கூட விடமாட்டேன். இந்த ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமே வராது.

அதனால் போன வருடம் அந்தப் பழைய கச்சேரிப் பதிவு என்னிடம் வந்தபோது, இரண்டு சாயங்காலத்தில் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தேன். கச்சேரி எங்களுடையது. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் ஒரு குழு வைத்திருந்தோம். கிட்டார் ஒருவன், பேஸ் கிட்டார் ஒருவன், டிரம்ஸ் நான். வாசித்தது புராக்ரசிவ் ராக். கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு உருப்படி இருபது நிமிடம் ஓடும், பாடுவதற்கு ஆள் இருக்கமாட்டார், ஊரே நாலு நாலாக எண்ணும்போது நாங்கள் ஏழிலும் பதினொன்றிலும் எண்ணிக்கொண்டிருப்போம். கல்லூரி விழாக்களில் எங்களை மேடையிலிருந்து இறக்குவதற்கென்றே சில பேர் முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். எங்களுக்கு ஒரு ஆல்பம்கூடக் கிடையாது. ஸ்டுடியோவுக்குள் கால் வைப்பதற்குள் குழு உடைந்துவிட்டது.

உடைத்தது நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கிட்டார்க்காரன் அசோக் நகரைச் சேர்ந்தவன், என்னோடு கல்லூரியில் படித்தவன். பேஸ் வாசித்தவன் அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளில் பிறந்து வளர்ந்தவன். கல்யாண மெல்லிசைக் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில், வாசிக்கிறவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். யாரிடமும் பாடம் கேட்டதில்லை. நானோ ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. குழுவில் கணக்கு என்று வந்தால் என் பேச்சுதான் தீர்ப்பு. எங்கே யார் வர வேண்டும், எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள்.

ஒரு நாள் மயிலாப்பூரில் ஒரு சபாவின் சின்ன ஹாலில் வாசிக்க வாய்ப்பு வந்தது. பாட வேண்டிய வித்வானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கிட்டார்க்காரனின் பெரியப்பா அந்த சபாவில் கமிட்டி உறுப்பினர். மதியம் இரண்டு மணிக் கச்சேரி. உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் சிலர் மேடையில் யார் என்று கேட்காமலே வந்து உட்காருவார்கள். கேன்டீனில் ரவா தோசை சாப்பிட்டாயிற்று, ஹாலில் ஏ.சி. ஓடுகிறது, வேறென்ன வேண்டும். முதல் அடி விழுந்ததும் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் எழவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஏழு என்று பிடித்துவிட்டார்கள். பட்டுப் புடவைகளும் கதர்ச் சட்டைகளுமாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். ராக் ரசிகர்களிடம் மூன்று வருடமாக நாங்கள் ஏங்கியது இதற்குத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி உருப்படி எங்கள் பெருமை. நடுவில் ஓரிடத்தில் நான் முழுவதுமாக நிறுத்திவிட, பேஸும் கிட்டாரும் மட்டும் மெதுவாக எட்டு சுற்று போகும். ஏழெட்டு ஐம்பத்தாறு அடி. அது முடிந்ததும் நான் பலமாக உள்ளே வர வேண்டும். வந்தேன். வந்த அடுத்த நொடியே எல்லாம் இடித்தது. கிட்டார்க்காரன் என் பக்கம் வந்துவிட்டான். பேஸ் மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அவனைப் பார்த்து முறைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் விரலைத் தந்தியில் வைத்தபடியே நிறுத்திவிட்டான். எப்படியோ முடித்தோம். கைதட்டினார்கள், மரியாதைக்கு.

வெளியே மாட வீதி முனையில் இருந்த டீக்கடையில், கிளாஸும் கையுமாக நின்ற பத்துப் பேர் நடுவே நான் அவனைப் பார்த்துக் கத்தினேன். "ஏழு எண்ணத் தெரியாதவன்லாம் எதுக்குடா மேடைக்கு வர்றே?" அவன் டீயைக் குடிக்காமல் கிளாஸை மேசையில் வைத்தான். பேஸை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். அடுத்த மாதம் அந்த பேஸை யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதோடு குழு முடிந்தது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். சாந்தோமில் இருக்கும் ஒரு அம்மா, பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தன்னிடம் இருந்த பழைய கச்சேரிப் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். அவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'மூன்று பையன்கள், ஏழு'. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இரண்டு நிமிடத் துண்டைப் போட்டு, இவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லவும் என்று கேட்டிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி கிட்டார்க்காரனின் மனைவியிடம் வந்து சேர்ந்தது. அவன் துள்ளிக் குதித்தான். "நம்மகிட்ட ஒரு ஆல்பம் இருக்குடா! நீ க்ளீன் பண்ணு, நெட்ல போட்டுடலாம்."

முழுப் பதிவும் வந்தது. ஒன்றே கால் மணி நேரம். ஆச்சரியமாக, ஒலி நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு தொல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு 'தொப், தொப், தொப்'. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. டீச்சர் ரெக்கார்டரைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். கைப்பையை மடியில் வைத்திருக்கிறார். அந்தக் கைப்பையின் மேலேயே தாளமும் போட்டிருக்கிறார். திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறவர் சத்தம் காட்டாமல் உட்கார வேண்டாமா? ஆனால் தாளம் போடாமல் கச்சேரி கேட்க அவரால் முடியாது. மயிலாப்பூரைச் சுற்றி வாழ்கிறவர்கள் மட்டுமே இந்தத் தப்பைச் செய்ய முடியும். நான் திட்டிக்கொண்டே சிரித்தேன்.

அந்தத் 'தொப்' சத்தத்தை எடுப்பது சுலபமாக இல்லை. பெரிய டிரம்மின் ஒலியும் அதுவும் ஒரே இடத்தில் விழுகின்றன, மென்பொருளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் திரையில் ஒவ்வொரு தொப்புக்கும் கையாலேயே ஒரு கோடு போட்டேன். ஏழில் மூன்று அடி: ஒன்று, நான்கு, ஆறு. இரண்டு சாயங்காலம் இரண்டு வாரமாயிற்று. போகப் போக அந்தக் கையின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நான் உற்சாகத்தில் ஓடிய இடத்தில் ஓடியும், கிட்டார்க்காரன் இழுத்த இடத்தில் இழுத்தும், எங்களோடேயே வந்தது. சுற்று மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கடைசி உருப்படிக்கு வந்தேன். நான் நிறுத்திய இடம். பேஸும் கிட்டாரும். தொப், தொப், தொப். கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு சுற்று முடிந்தது, எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அது முடிய ஒரு அடி பாக்கி இருக்கும்போது டிரம்ஸ் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஐம்பத்தாறு முடிந்து வர வேண்டியவன் ஐம்பத்தைந்து முடிந்ததுமே வந்திருக்கிறேன்.

முதலில் டீச்சர் மேல்தான் சந்தேகப்பட்டேன். கோடுகளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பேஸைத் தனியாகப் பிரித்தெடுத்து எண்ணினேன். கிட்டாரை வைத்து எண்ணினேன். விரல்விட்டு எண்ணினேன். நான்கு முறையும் அதே இடம். நான் வந்த பிறகும் பேஸ் நான்கு சுற்று அசையாமல் தன் கணக்கிலேயே போகிறது. கைப்பையும் அதோடேயே போகிறது. மேடையில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு இடிக்கிறோம், அவன் ஒருவனாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு பேஸ் நிற்கிறது. பேஸ் நின்றதும் கைப்பையும் நிற்கிறது.  ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டீச்சருக்கு நன்றி சொல்கிற சாக்கில் போன் செய்தேன். கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாராம், மற்ற நாளெல்லாம் சபா. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"டிரம்ஸ் நீங்கதானே தம்பி? நான் மூணாவது வரிசைல இருந்தேன். கடைசி அயிட்டத்துல கொஞ்சம் முந்திட்டீங்க. அந்த பேஸ் வாசிச்ச தம்பிதான் விடாம பிடிச்சிட்டிருந்தார். நானும் அவர்கூடவே போட்டேன். அவர் நிறுத்தினதும் நானும் நிறுத்திட்டேன். அப்புறம் எதைப் பிடிச்சுக்கிட்டுத் தாளம் போடறது?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கே அவர்கிட்ட சொல்லணும்னு வெளிய வந்தேன். நீங்க அவரைத் திட்டிட்டு இருந்தீங்க. எதுக்கு வம்புன்னு போயிட்டேன். அது தப்புதான், சொல்லியிருக்கணும். அவர் இப்பவும் வாசிக்கிறாரா?"

"தெரியலை டீச்சர்" என்றேன். அது பொய். அவன் வாசிப்பதை விட்டுவிட்டான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கிட்டார்க்காரனிடம் விஷயத்தைச் சொன்னேன். "இப்ப எதுக்குடா அதைக் கிளறுறே? அந்த இடத்துல பேஸை ஒரு அடி நகர்த்தி வெச்சிடு. பைச் சத்தத்தை எடுத்துடு. யாருமே தப்புப் பண்ணலைன்னு ஆயிடும். அவனுக்கும் சந்தோஷம்தானே?" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நானும் அப்படியே செய்து பார்த்தேன். பத்து நிமிட வேலை. பேஸ் ஒரு அடி நகர்ந்து வந்து என் டிரம்ஸோடு பூட்டிக்கொண்டது. அவன் நிறுத்திய இடத்துக்குப் பிறகு, முன்னால் வாசித்ததிலிருந்து கொஞ்சம் வெட்டி ஒட்டினேன். கைப்பையைத் துடைத்தெடுத்தேன். கேட்டால் மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட கச்சேரி அதுதான். அழிப்பது என் தொழில் என்றேன் இல்லையா, நன்றாகவே அழித்திருந்தேன்.

ஆனால் ஆல்பம் போட மூன்றாமவனின் சம்மதமும் வேண்டுமே. அவன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ஆற்றங்கரையைக் காலி செய்து அவர்கள் குடும்பத்தை எப்போதோ ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் மனைவி, மகளோடு இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை ரங்கநாதன் தெரு நெரிசலில் எதிரெதிரே வந்தோம். இருவரும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே கடந்துவிட்டோம். போனில் என் பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க சார்" என்றான். அந்த 'சார்' என்னை என்னவோ செய்தது. முன்பெல்லாம் மூச்சுக்கு மூச்சு மச்சிதான்.

தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மொட்டை மாடிக்கு வரச் சொன்னான். அன்று அங்கேதான் வேலை. லிஃப்ட் மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தான். எலுமிச்சை சாதம். "சாப்ட்றீங்களா?" என்று மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்தான். முன்தலை வழுக்கை, விரல் நகமெல்லாம் கிரீஸ். ஆல்பம் விஷயத்தைச் சொன்னேன். "நல்லாப் போடுங்க சார், எனக்கு இன்னா கீது இதுல" என்றான். கேட்காமலே சம்மதித்துவிட்டான். நான் அப்படியே எழுந்து வந்திருக்கலாம்.

"கடைசியை மட்டும் கேட்டுடு" என்றேன். லேப்டாப்பில் இரண்டு கோப்புகள். ஒன்று அசல், ஒன்று நான் சரிசெய்தது. எதைப் போடுவது என்று படியேறி வந்தபோதும் எனக்குத் தெரியாது. அவன் கையை வேஸ்ட் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். நான் இன்னும் எதையும் ஓடவிடவில்லை. அவனுடைய இடது கை விரல்கள் தாமாகப் போய், தொடைமேல், அந்த உருப்படியின் முதல் சுரத்துக்கான இடத்தில் உட்கார்ந்தன. அதைப் பார்த்த பிறகு சரிசெய்ததைப் போட எனக்கு மனம் வரவில்லை. அசலைப் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எட்டு சுற்று வந்தது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் உள்ளே வந்த இடத்தில் கண்ணைத் திறந்தான். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"திரும்பப் போடு."

போட்டேன். மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை வாய்விட்டே எண்ணினான். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கரெக்டா கீது" என்றான்.

"நான்தான் முந்திட்டேன். ஒரு அடி. உன் மேல தப்பே இல்ல. என்னை மன்னிச்சுடு" என்றேன். வரும் வழியெல்லாம் வேறு மாதிரி சொல்லத் தயார் செய்திருந்தேன். இதுதான் வந்தது.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "டெய்லி பஸ்ல வர்றப்ப எண்ணிக்கினே வருவேன் சார். அன்னிக்கு என் வெரலு எங்கெங்க இருந்துச்சின்னு எனக்கு நல்லா ஞாபகம் கீது. எண்ணிப் பாத்தா அம்பத்தாறு சரியா வரும். மறுநாளு எண்ணுவேன், சரியா வரும். எங்க உட்டேன்னே தெரியல. நீங்க மிருதங்கம் கத்துக்கினவரு, உங்களுக்குத் தப்பு வருமா? அப்ப எனக்கு எண்ணவே வரல போல, அதான் சரியா வர்ற மாதிரி தோணுதுன்னு உட்டுட்டேன்."

நான் அழுதேன். மறைக்கவில்லை, மறைக்க அங்கே இடமும் இல்லை. கீழே எங்கோ லிஃப்ட் கிளம்பி, மோட்டார் ஒரு தடவை சுற்றி நின்றது.

"அது இன்னா சத்தம், தொப்பு தொப்புன்னு? என்கூடவே வருது" என்று கேட்டான்.

டீச்சரைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது வரிசை, கைப்பை, அவன் நிறுத்தியதும் அவரும் நிறுத்தியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஒர்த்தராவது என்கூட இருந்தாங்க" என்றான். ஹெட்போனை என்னிடம் நீட்டி, "அதை எடுத்துடாதீங்க" என்றான்.

"எடுக்கல."

"எழுதிப் போடுவீங்களா?"

"எதை?"

"யாரு உட்டதுன்னு. அன்னிக்கு டீக்கடைல பத்து பேரு கேட்டாங்க. நெட்லயும் பத்து பேரு படிக்கட்டும்."

போடுகிறேன் என்றேன். மறுபடி வாசிக்கலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். "வெரலெல்லாம் கிரீஸு" என்று டிபன் பாக்ஸை மூடினான். மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. நானும் அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆல்பத்தை ஏற்றினோம். கிட்டார்க்காரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு ஒத்துக்கொண்டான். சரிசெய்த கோப்பை அழித்துவிட்டேன். குறிப்பில் வாசித்தவர்களின் வரிசையில் நான்காவதாக 'தாளம்: மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கைப்பை' என்று சேர்த்தேன். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: 'கடைசி உருப்படி, பதினாறாவது நிமிடம். டிரம்ஸ் ஒரு அடி முன்னால் வந்துவிட்டது. பேஸ் சரி. அன்று பேஸைத் திட்டியவன் டிரம்ஸ் வாசித்தவன். தப்பு அவனுடையது.' டீச்சர் படித்துவிட்டு, 'குட்' என்று ஒரு வார்த்தை அனுப்பினார். விடைத்தாளில் போடுவது போல இருந்தது.

அவனுக்கும் இணைப்பை அனுப்பினேன். மூன்று நாள் பதிலே இல்லை. மனம் மாறிவிட்டது, கோபம்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நியாயம்தான். நான்காவது நாள் காலை ஒரு குரல்செய்தி வந்தது. பஸ்ஸிலிருந்து பேசியிருக்கிறான், பின்னால் நடத்துனரின் விசில்.

"மச்சி, கேட்டேன். படிச்சேன். பதினாறாவது நிமிஷம்னு போட்டுகீற. பதினாறு நிமிஷம் முடிஞ்சி இருபது செகண்டு ஓடிச்சி, அப்பதான் நீ உள்ள வர்ற. அப்ப அது பதினேழாவது. இன்னாடா, இப்பவும் ஒன்னு முன்னாடியே வந்து நிக்கிற. எண்ணத் தெரியாதவன்லாம் எதுக்குடா எழுத வர்றே?"

திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினேழுதான். உடனே திருத்தினேன். பிறகு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதன் முதல் வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.